அரவைப்பா கேன்யனை ஒரே நாளில் முழுவதும் நடக்க முடியுமா? விலங்குகள் தென்படுமா?

அமெரிக்காவின் அரிசோனாவில், இரண்டு பக்கமும் பாறைச் சுவர் உள்ள பள்ளத்தாக்கான அரவைப்பா கேன்யனை ஒரே நாளில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்துவிட முடியுமா, விலங்குகள் கண்ணில் படுமா, பத்து வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். நல்ல நடைப்பழக்கம் இருந்தால் முடியும், ஆனால் விலங்கு பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து அப்படி நடக்காதீர்கள்.

மொத்தம் 19 கிலோமீட்டர் போல வரும். கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் அங்கே போட்டு வைத்த பாதை கிடையாது, ஓடைதான் பாதை. கணுக்கால் அளவு, சில இடங்களில் முழங்கால் அளவுத் தண்ணீரில், காலடியில் உருளும் கூழாங்கற்கள் மேல் மணிக்கணக்காக நடக்க வேண்டும். முதல் முறை தூரத்தை மட்டுமே மனதில் வைத்துப் போனோம், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று குனிந்து பார்த்தே பொழுது போய்விட்டது. அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தாலும் திரும்பி வர அங்கே ஒரு வண்டி இருக்க வேண்டும், இரண்டு வாசல்களுக்கும் இடையே சாலைவழி மலையைச் சுற்றி அரை நாள் பயணம்.

இரண்டாவது முறை ஏப்ரலில், மேற்கு வாசல் வழியாக, விடியும்போதே இறங்கி ஐந்து கிலோமீட்டர் கூடப் போகாமல் ஒரு வளைவில் காட்டன்வுட் மர நிழலில் உட்கார்ந்துவிட்டோம். மேலே சரிவு முழுக்க சகுவாரோ கள்ளி, கீழே ஈரமும் பச்சையும், இந்த இரண்டும் ஒரே பார்வையில் தெரிகிற இடம் அது. அரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் ஒரு கருப்புப் பருந்து, வாலில் அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை, தண்ணீருக்கு மேல் தாழ்வான கிளையில் வந்து உட்கார்ந்து ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தது. மீனும் தவளையும் அதற்குப் பிடித்த இரை, வசந்தத்தில் வந்து இலையுதிர் காலத்தில் தெற்கே போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பாறையில் சரளைக்கல் உருளும் சத்தம். நிமிர்ந்தால் மூன்று பெருங்கொம்புக் காட்டாடுகள், செங்குத்தான சுவரில் நிதானமாக நடந்து போகின்றன! பாறை நிறமும் அவற்றின் நிறமும் ஒன்றுதான், கல் விழாவிட்டால் நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம். அதனால்தான் சொல்கிறேன், அங்கே முதலில் காதுதான் வேலை செய்ய வேண்டும், பேச்சைக் குறையுங்கள். கோவாட்டி (நீண்ட வாலுள்ள, ரக்கூன் இனத்து விலங்கு), ஜாவலீனா (காட்டுப்பன்றி போன்றது) இரண்டும் இருக்கின்றன, எங்களுக்குக் காலடித் தடம் மட்டும்தான் கிடைத்தது.

தண்ணீரையும் பாருங்கள். மேலே அகலமான பள்ளத்தாக்கின் மண்ணுக்கடியில் வரும் நீர், பாறை நெருங்கும் இடத்தில் வேறு வழியில்லாமல் மேலே வந்து ஓடையாகிறது, அதனால் ஆண்டு முழுக்க வற்றுவதில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து விடாத, அந்தப் பகுதியில் இயற்கையாகவே இருக்கிற ஏழு வகை மீன்கள் இன்னும் அதில் வாழ்கின்றன, பாலைவனத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. அதில் லோச் மின்னோ என்ற சின்ன மீன், நம் அயிரை மாதிரி, வேகமாக ஓடும் நீரில் கல்லோடு கல்லாக அடியிலேயே கிடக்கும், அழியும் நிலையில் இருக்கிற இனம்.

அனுமதி முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு 50 பேர்தான்: மேற்கில் 30, கிழக்கில் 20. வசந்த கால வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். நாய்க்கு அனுமதி இல்லை. செல்போன் சிக்னலை நம்பிப் போகாதீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டு இறங்குங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம், உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே எங்கோ பெய்த மழை காட்டாறாக வந்துவிடும், இரண்டு பக்கமும் சுவர் என்பதால் ஏறி ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும்.

பையனைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். விரல் மூடிய, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற ஷூ, ஆளுக்கொரு ஊன்றுகோல், மாற்றுக் காலுறை, குடிநீர். ஒரு மணி நேரம் உள்ளே போய் உட்காருங்கள், பைனாகுலரை அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.