மால்டாவைச் சுற்றிப் படகில்: எங்கே நங்கூரம் போடலாம்?

மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டா, கோசோ, கொமினோ தீவுகளைச் சுற்றிப் பாய்ப்படகில் போவது பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தீர்கள். அந்தக் கடலில் பல கோடைகள் படகோட்டியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சென்னையிலிருந்து: அண்ணா, ஒரு வாரத்துக்குப் படகு வாடகைக்கு எடுக்கிறோம். ஒவ்வொரு இரவும் எந்த விரிகுடாவில் தங்குவது என்று இப்போதே அட்டவணை போடலாமா?

போடாதீர்கள் தம்பி. மால்டாவில் தங்கும் இடத்தைக் காற்றுதான் முடிவு செய்யும். மால்டா தீவு 246 சதுர கிலோமீட்டர், கோசோ 67, கொமினோ வெறும் மூன்றரை. காற்று மாறினால் சில மணி நேரத்தில் தீவின் மறுபக்கம் போய்விடலாம். தீவு சிறியதாக இருப்பதில் உள்ள பெரிய லாபமே இதுதான்.

கோடையில் பெரும்பாலும் வடமேற்குக் காற்று. அங்கே அதை மயிஸ்திரால் என்பார்கள். அப்போது கிழக்குப் பார்த்த மெல்லீஹா விரிகுடாவும், தெற்கே இருக்கும் மர்சஷ்லொக்கும் அமைதியாக இருக்கும். மர்சஷ்லொக் மீனவர் ஊர். கண் வரைந்த வண்ணப் படகுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அதே விரிகுடாவில் பெரிய கண்டெய்னர் துறைமுகமும் இருப்பதால் கப்பல் பாதையில் போய் நிற்காதீர்கள். ஷ்லொக் என்னும் தென்கிழக்குக் காற்று அடித்தால் மர்சஷ்லொக்கே சரிப்படாது. வடகரைக்கு வந்துவிடுங்கள். லேசான வடகிழக்குக் காற்றென்றால் மேற்கே ஐன் துஃபீஹா பக்கம் ஒதுங்கலாம். காலையில் முன்னறிவிப்பைப் பாருங்கள், மாலைக்கான இடத்தை அப்புறம் தீர்மானியுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: புளூ லகூன் போகாமல் திரும்பினால் வீட்டில் திட்டு விழும். அங்கே இரவு தங்கலாமா?

கொமினோவுக்கும் அதை ஒட்டிய குட்டித் தீவுக்கும் நடுவில் இருக்கும் சிறிய இடம் அது. தண்ணீர் நிறம் உண்மையிலேயே அழகுதான், மறுக்க மாட்டேன். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மதியத்தில் சுற்றுலாப் படகுகள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கும். நீச்சல்காரர்களுக்காக மிதவை கட்டிப் பிரித்த பகுதிக்குள் படகு நுழையக்கூடாது. கூட்டம் தாங்காமல் 2025 முதல் கரையில் இறங்க முன்பதிவு முறையும் வந்துவிட்டது.

விடியற்காலையில் போங்கள், ஒரு முழுக்குப் போடுங்கள், முதல் சுற்றுலாப் படகு வருமுன் கிளம்பிவிடுங்கள். இரவுக்கு அதே தீவின் சாண்டா மரியா விரிகுடாதான் நல்லது, காற்று வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வராத வரைக்கும். 1618ல் கட்டிய காவல் கோபுரம் கொமினோவில் இருக்கிறது. அதுவரை நடந்துபோய் வரலாம்.

தூத்துக்குடியிலிருந்து: பவுல் ஏறிவந்த கப்பல் உடைந்தது மெலித்தா தீவில் என்று வேதாகமத்தில் படித்திருக்கிறோம். அந்த இடத்தில் நங்கூரம் போட முடியுமா? அந்தக் காற்று இன்னமும் வருகிறதா?

நல்ல கேள்வி, ஐயா. மெலித்தா இன்றைய மால்டாதான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. கப்பல் உடைந்த இடம் என்று மரபாகக் காட்டுவது, வடகிழக்குக் கரையில் அவர் பெயரிலேயே இருக்கும் செயின்ட் பால்ஸ் விரிகுடாவை. அங்கே நங்கூரம் போடலாம். கோடையில் உள்ளூர்ப் படகுகள் நிறைய நிற்கும்.

அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தைப் படகோட்டியின் கண்ணோடு படித்துப் பாருங்கள். நள்ளிரவில் ஆழம் பார்க்கிறார்கள்: முதலில் 20 பாகம், கொஞ்ச தூரம் போனதும் 15 பாகம். ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர் என்றால், 36 மீட்டரிலிருந்து 27 மீட்டராகக் குறைகிறது. கரை நெருங்குகிறது, பாறையில் மோதலாம் என்று தெரிகிறது. உடனே பின்பக்கத்திலிருந்து நான்கு நங்கூரம் போடுகிறார்கள். வழக்கமாக முன்பக்கத்தில் போடுவதை ஏன் பின்னால் போட்டார்கள்? முன்னால் போட்டிருந்தால் கப்பல் திரும்பிக் காற்றைப் பார்த்து நின்றிருக்கும். பின்னால் போட்டதால் முகப்பு கரையைப் பார்த்தபடியே நிற்கும். விடிந்ததும் நங்கூரங்களை விட்டுவிட்டு நேரே கரைக்கு ஓட்டலாம். அப்படித்தான் செய்தார்கள். கப்பல் போனது, அதிலிருந்த 276 பேரும் பிழைத்தார்கள்.

காற்று இன்னமும் வருகிறது. உள்ளூரில் கிரிகால் என்று பெயர். வடகிழக்கிலிருந்து வரும், பெரும்பாலும் குளிர்காலத்தில். 2019 பிப்ரவரியில் அடித்த கிரிகால், கடலிலிருந்த மீன்களைத் தூக்கி அதே செயின்ட் பால்ஸ் பக்கத்துச் சாலைகளில் போட்டது. தலைநகர் வல்லெட்டாவின் பெரிய துறைமுகத்தின் வாயும் வடகிழக்கைப் பார்த்துத்தான் இருக்கிறது. அலைத்தடுப்பு இருந்தும் உள்ளே தண்ணீர் குலுங்கும். முன்னறிவிப்பில் கிரிகால் என்று வந்தால் செயின்ட் பால்ஸ், மெல்லீஹா இரண்டையும் மறந்துவிடுங்கள்.

கொழும்பிலிருந்து: லண்டனில் வதிவிட உரிமை உள்ள என் தம்பி இலங்கைக் கடவுச்சீட்டில்தான் வருகிறார். விசா வேண்டுமா?

வேண்டும். மால்டா 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கன் பகுதி. பிரித்தானிய வதிவிட உரிமை இங்கே உதவாது. இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இதே பதில்தான். நடுவில் துனீசியா பக்கம் போய்விட்டுத் திரும்பும் யோசனை இருந்தால் பலமுறை நுழையும் விசாவாக வாங்குங்கள். அங்கிருந்து திரும்பும்போது மஞ்சள் கொடி ஏற்றி, வல்லெட்டாவில் குடிவரவு, சுங்கம் எல்லாம் முடித்த பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போகலாம். சிசிலியிலிருந்து வந்தால் இந்தத் தொல்லை குறைவு.

கோவையிலிருந்து: போன வருடம் கிரேக்கத்தில் நங்கூரம் இரண்டு முறை இழுபட்டுப் போனது. எங்கே தப்பு, சார்?

அநேகமாகப் புல் மேல் போட்டிருப்பீர்கள். மத்தியதரைக் கடலடியில் பொசிடோனியா என்று ஒரு தாவரம் புல்வெளி மாதிரி அடர்ந்திருக்கும். பாசி இல்லை, பூக்கும் தாவரம். நங்கூரம் அதன் மேல் வழுக்கும். பிடித்ததுபோல் தோன்றினாலும் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும் என்பதால் பிடுங்கிய இடம் ஆற நெடுங்காலம் ஆகும். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் 2018 ஆணையின்படி இதன் மேல் நங்கூரம் போட்டால் அபராதம். மால்டாவிலும் இது நிறைய உண்டு.

வெயில் தலைக்கு மேல் இருக்கும்போது உள்ளே வாருங்கள். வெளிர்நீலமாகத் தெரிவது மணல், கறுப்பாகத் தெரிவது புல் அல்லது பாறை. மணல் திட்டு பார்த்துப் போடுங்கள். ஆழம் 6 மீட்டர், தண்ணீருக்கு மேல் படகு முகப்பின் உயரம் 1 மீட்டர் என்றால் ஏழுக்கு ஐந்து மடங்கு, 35 மீட்டர் சங்கிலி விடுங்கள். சங்கிலி தரையில் கிடந்தால்தான் இழுவை கிடைமட்டமாக வந்து நங்கூரம் மண்ணில் புதையும். பிறகு இன்ஜினை மெதுவாகப் பின்னுக்கு ஓட்டி, கரையில் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருட்களைப் பாருங்கள். அவை விலகாமல் நின்றால் நங்கூரம் பிடித்துவிட்டது. முகக்கண்ணாடி போட்டு ஒரு தடவை இறங்கிப் பார்ப்பது இன்னும் நல்லது.

மதுரையிலிருந்து: கோசோவில் எங்கே?

வடகரையில் ரம்லா, சிவந்த மணல். தெற்குக் காற்றில் அருமையான இடம். ஆனால் எதிரிக் கப்பல்கள் ஆள் இறக்காமல் தடுக்க அந்தக் காலத்தில் மால்டாவை ஆண்ட மாவீரர் சபையினர் தண்ணீருக்கடியில் கட்டிய சுவர் அங்கே மிச்சம் இருக்கிறது. கரைக்கு மிக நெருங்க வேண்டாம். தென்மேற்கில் ஷ்லெண்டி: வாசலுக்கு நடுவிலேயே பாறை. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பகலில் மட்டும் நுழையுங்கள். துவேய்ராவில் பழைய படங்களில் பார்த்த கல் வளைவைத் தேடாதீர்கள், 2017 மார்ச் 8 அன்று புயலில் விழுந்துவிட்டது. வளைவு இல்லாவிட்டாலும் எனக்கு மூன்றிலும் பிடித்தது துவேய்ராதான். மேற்குக் காற்றில் மட்டும் அங்கே இரவு தங்காதீர்கள்.

துபாயிலிருந்து: மெல்லீஹாவில் அலையே இல்லாமல் தண்ணீர் ஏறி இறங்கியது. ஓதமா?

இல்லை. மால்டாவில் ஓதம் 20 சென்டிமீட்டர் அளவுக்குத்தான். நீங்கள் பார்த்ததை மில்ஊபா என்பார்கள். காற்றழுத்த மாற்றத்தால் விரிகுடாத் தண்ணீர் ஊசலாடுகிறது. ஏறி இறங்க இருபது நிமிடம் போலாகும், சில சமயம் ஒரு மீட்டர் வரை போகும். அடியில் நல்ல ஆழம் வைத்து நில்லுங்கள்.

பெங்களூரிலிருந்து: சிசிலியிலிருந்து இரவில் வர நினைக்கிறோம்.

பொசாலோவிலிருந்து சுமார் 50 கடல் மைல், ஐந்து நாட் வேகத்தில் பத்து மணி நேரம். மால்டாவுக்குக் கிழக்கே ஹர்ட் பாங்க் என்ற ஆழம் குறைந்த பகுதியில் சரக்குக் கப்பல்கள் கூட்டமாக நிற்கும். அந்த விளக்குகளை ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். கரைக்குச் சில மைல் வெளியே சூரை மீன் பண்ணை வளையங்கள் இருக்கின்றன. எனக்குக் கப்பல்களைவிட இவைதான் கவலை. பண்ணைப் பகுதியை விடிந்த பிறகு கடக்கும்படி கிளம்புங்கள். வல்லெட்டாவை நெருங்கும்போது வானொலியில் 12ஆம் அலைவரிசையில் துறைமுகக் கட்டுப்பாட்டைக் கூப்பிடுங்கள்.

டொராண்டோவிலிருந்து: அக்டோபரில் வரலாமா?

தாராளமாக. தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். ஒன்று மட்டும்: 1968ல் தொடங்கிய மிடில் சீ ரேஸ் என்ற பாய்ப்படகுப் போட்டி அந்த மாதத்தில்தான் பெரிய துறைமுகத்திலிருந்து கிளம்பி, சிசிலியைச் சுற்றி 606 கடல் மைல் ஓடித் திரும்பும். அந்த வாரம் வல்லெட்டா பக்கம் படகு கட்ட இடம் கிடைப்பது கஷ்டம். முன்பே சொல்லி வையுங்கள், அல்லது கோசோவின் இம்ஜார் துறைமுகத்தில் கேட்டுப் பாருங்கள்.