இயேசு என்ற மனிதர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: இயேசு உண்மையிலேயே வாழ்ந்தவர்தானா? பைபிளுக்கு வெளியே ஆதாரம் உண்டா?

உண்டு. கொஞ்சம்தான், ஆனால் போதும். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், கி.பி. 93 வாக்கில் முடித்த நூலில் யாக்கோபு என்பவர் கொல்லப்பட்டதைச் சொல்லும்போது, 'கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரர்' என்று அடையாளம் காட்டுகிறார். போகிற போக்கில் சொன்னது. அதனாலேயே அதற்கு மதிப்பு அதிகம். அதே நூலில் இயேசுவைப் பற்றித் தனியாக ஒரு பத்தியும் இருக்கிறது. அதில் பிற்காலக் கிறிஸ்தவர்கள் கை வைத்திருக்கிறார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது. அவரும் ரோம ஆளுநர் பிலாத்து கிறிஸ்துவுக்குக் கொடுத்த மரண தண்டனையைக் குறிப்பிடுகிறார்.

கேள்வி: அப்படியானால் கி.பி. 1-இல் பிறந்தவரா?

இல்லை. ஏரோது மன்னன் இறந்தது கி.மு. 4 என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. சுவிசேஷம் எழுதிய மத்தேயு சொல்வதுபோல் அவன் காலத்தில் பிறந்திருந்தால் அதற்கு முன்புதான். இயேசு பிறந்தபோது நடந்ததாக இன்னொரு சுவிசேஷக்காரரான லூக்கா சொல்லும், ரோம ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்போ கி.பி. 6-இல் நடந்தது. இரண்டையும் ஒட்டவைக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள்; எனக்கு எதுவும் திருப்தியாக இல்லை.

கேள்வி: சுவிசேஷங்களை எழுதியவர்கள் விசுவாசிகள். அவர்கள் சொல்வதில் எதை வரலாறு என்று எடுத்துக்கொள்வது?

எழுதியவரே நெளிகிற இடத்தைப் பாருங்கள். யோவான் ஸ்நானகர் கொடுத்தது பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானம். பாவமில்லாதவர் என்று நம்பப்படும் இயேசு அதை ஏன் பெற வேண்டும்? நான்கு சுவிசேஷங்களில் முந்தியதாகக் கருதப்படும் மாற்கு, நடந்ததை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறார். மத்தேயுவில் யோவானே தடுக்கிறார்: 'நானல்லவா உம்மிடம் பெற வேண்டும்' என்கிறார். லூக்கா இன்னும் கெட்டிக்காரர். யோவான் சிறையில் அடைக்கப்பட்டதை முதலில் சொல்லிவிட்டு, பிறகுதான் இயேசு ஞானஸ்நானம் பெற்றதைச் சொல்கிறார். கொடுத்தவர் யார் என்ற பேச்சே இல்லை. நான்காம் சுவிசேஷத்தில் அந்தக் காட்சியே கிடையாது. இத்தனை பேரைத் தவிக்கவைத்த சம்பவத்தை எவரும் கற்பனையாகச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

குடும்பத்தார் 'இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது' என்று அவரைப் பிடித்துப்போக வந்தது இன்னொன்று. மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. மத்தேயுவும் லூக்காவும் விட்டுவிட்டார்கள். ஊரும் உறவும் ஏற்காத அந்த மனிதரை எனக்குக் காட்டுவது பெரிய அற்புதங்களைவிட இந்த இடங்கள்தான்.

கேள்வி: இப்படிப் பேசுவது அவருடைய தெய்வத்தன்மையைக் குறைப்பதாகாதா? எங்கள் போதகர் கோபப்படுகிறார்.

அவர் உடல் வெறும் தோற்றம்தான் என்று சொன்னவர்களைத் திருச்சபை தொடக்கத்திலேயே கண்டித்துவிட்டது. கி.பி. 451-இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய கல்கெதோன் சங்கம் 'மெய்யாகவே கடவுள், மெய்யாகவே மனிதர்' என்று வரையறுத்தது. இதில் பின்பாதியை மறப்பதும் பிழைதான். புயலில் படகு தத்தளிக்கும்போது பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கினவர், அத்தி மரத்தில் பழம் தேடிப் போன பசிக்காரர், கடைசி நாள் எப்போது என்று தனக்கே தெரியாது என்று சொன்னவர். இவையெல்லாம் உங்கள் போதகர் கையிலிருக்கும் மாற்குவில்தான் இருக்கின்றன.

கேள்வி: என்ன மொழி பேசினார்?

அரமேயம். ஜெபக்கூடத்தில் எபிரேயம் வாசித்திருப்பார். கிரேக்கம் ஓரளவு தெரிந்திருக்கலாம். நாசரேத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடையில், கிரேக்கம் புழங்கிய செப்போரிஸ் என்ற நகரம் இருந்தது.

கேள்வி: சிலுவையில் அறையப்பட்டவர்களைப் புதைக்கவே மாட்டார்கள் என்கிறார்களே?

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் 1968-இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில், எலும்புகள் இட்ட கற்பெட்டி ஒன்று கிடைத்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. யெஹோகானான் என்ற பெயர் பொறித்தது. உள்ளே குதிகால் எலும்பு ஒன்று, பக்கவாட்டில் ஆணி பாய்ந்தபடி. ஆணியின் முனை வளைந்துபோனதால் பிடுங்க முடியாமல் அப்படியே அடக்கம் செய்திருக்கிறார்கள். சிலுவையில் செத்த ஒருவனின் உடல் வீட்டார் கைக்குக் கிடைத்திருக்கிறது என்பதற்கு இது போதும். இயேசுவின் உடலைக் கேட்டு வாங்கி அடக்கம் செய்ததாகச் சுவிசேஷங்கள் சொல்லும் அரிமத்தியா யோசேப்பின் கதையை இது நிரூபிக்கவில்லை. நடக்கக்கூடியதுதான் என்று மட்டும் காட்டுகிறது.

கேள்வி: இளவயதில் இந்தியாவுக்கு வந்து படித்தாராமே?

வரவில்லை. 1894-இல் நோட்டோவிச் என்ற ரஷ்யர் லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் ஏடு பார்த்ததாகக் கிளப்பிய கதை அது. மறு ஆண்டே ஒருவர் அங்கே போய் விசாரித்தார். அப்படி ஓர் ஏடே இல்லை என்று மடத்தின் தலைமை லாமா மறுத்துவிட்டார். பன்னிரண்டு வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டால், நாசரேத்தில் தச்சு வேலை பார்த்திருப்பார். ஊர்க்காரர்கள் அவரைத் தச்சன் என்றுதான் சொன்னார்கள்.