ஐடி ஆளுக்கு ‘நிறுவனக் கற்றல்’ மீது ஏன் ஆர்வம்?

பயிற்சி வகுப்பு நடத்துவதுதானே நிறுவனக் கற்றல், அதில் புரோகிராமருக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்பு வேறு, இது வேறு: நிறுவனமே தன் தவறுகளிலிருந்து பாடம் கற்று, வேலை செய்யும் விதத்தை மாற்றிக்கொள்வதுதான் இது. புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் சின்ன அலுவலகத்தில் மாதக் கடைசியானால் சர்வர் படுத்துவிடும், ரீஸ்டார்ட் செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அமெரிக்க மேலாண்மை அறிஞர் கிறிஸ் ஆர்கிரிஸ் 1977-இல் எழுதிய ஒற்றை வளையக் கற்றல் இதுதான்: ஏசியில் இருக்கும் தெர்மோஸ்டாட் மாதிரி, வைத்த அளவைவிட சூடு ஏறினால் சரிசெய்யும், ஆனால் ‘இந்த அளவை எதற்கு வைத்தோம்’ என்று கேட்காது. அப்படிக் கேட்பதுதான் இரட்டை வளையம்.

நாங்களும் ஒருநாள் கேட்டோம். எல்லா பில்லையும் 30ஆம் தேதி ராத்திரியே ஓட்டவேண்டும் என்பது எப்போதோ யாரோ போட்ட விதி, போட்டவர் வேலையை விட்டே போய்விட்டார்! தேதியைப் பிரித்தோம், தொல்லை விட்டது. ஆனால் ‘யார் தப்பு’ என்று ஆரம்பித்தால் எவரும் வாய் திறக்கமாட்டார்கள். எங்கள் மேனேஜர் அந்தக் கேள்வியை விடவே ஆறு மாதம் ஆனது.