பம்ப் அறைக் கேள்விகள்: மோட்டரைக் கழற்றுவதற்கு முன்

வெள்ளவத்தையில் கலியாண மண்டபம் நடத்துகிறோம். 5.5 கிலோவாட் மூன்று ஃபேஸ் பம்ப் ஒரே வருஷத்தில் இரண்டு தரம் எரிந்துவிட்டது. இரண்டு தரமும் கொயில் கட்டினோம். கட்டினவர் ஒழுங்காகச் செய்யவில்லையா?

அவரைத் திட்டுவதற்கு முன் அவரிடமே ஒன்று கேளுங்கள்: எரிந்த கொயில் எப்படி இருந்தது? மூன்று ஃபேஸின் சுற்றுகளும் ஒரே அளவில் கருகியிருந்தால் மோட்டர் அதிகச் சுமையில் ஓடியிருக்கிறது, அல்லது இறுகி நின்றிருக்கிறது. டெல்டா இணைப்பில் (மூன்று சுற்றும் முக்கோண வளையமாகச் சேர்ந்தது) ஒரு ஃபேஸின் சுற்று மட்டும் கரியாகி, மற்ற இரண்டும் புதிது போல இருந்தால் லைனில் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. ஸ்டார் இணைப்பில் (மூன்றும் ஒரே புள்ளியில் சேர்ந்தது) இது மறுவளம்: இரண்டு கருகும், ஒன்று தப்பும். பழைய கொயிலை வெட்டி எறிந்தால் இந்தச் சாட்சியும் குப்பைக்குப் போய்விடும். கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

உங்களுடையது ஒரு ஃபேஸ் போன கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டரில் ஒரு ஃபேஸ் நின்றால் மோட்டர் நிற்காது. மிச்ச இரண்டு லைனிலும் கரண்ட் ஏறக்குறைய 1.7 மடங்காகும். 400 வோல்ட்டில் சுமார் 11 அம்பியர் எடுக்கும் உங்கள் மோட்டர் 18, 19 வரை இழுக்கும். அந்த நேரத்தில், கரண்ட் கூடினால் மோட்டரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே வெட்டியிருக்க வேண்டும். ஏன் வெட்டவில்லை? ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து ரிலேயின் டயலைப் பாருங்கள். “சும்மா சும்மா ட்ரிப் ஆகுது” என்று யாரோ ஒரு பாஸ் அதை உச்சத்துக்குத் திருப்பி விட்டிருப்பார்.

மோட்டரை ஸ்டாரில் தொடக்கி டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அநேகமானவற்றில் ரிலே டெல்டா வளையத்துக்குள் இருக்கும். அங்கே ஓடுவது மோட்டரின் பெயர்ப்பலகையில் உள்ள கரண்டின் 0.58 பங்குதான், அதாவது 11 அம்பியருக்கு 6.4. பெயர்ப்பலகையை ஒழுங்காக வாசித்து 11 என்று வைத்தவர்களைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். கவனமான ஆட்கள், ஆனால் மோட்டர் எரிந்துவிட்டது.

ஒரு ஃபேஸ் போனால் மோட்டரை நிறுத்தும் ஃபேஸ் ஃபெயிலியர் ரிலே ஒன்றும் போடுங்கள். ஆனால் வோல்ட் மட்டும் பார்க்கும் சாதாரண வகை, மோட்டருக்குக் கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்சான கன்டாக்டருக்கு முன்னால் பொருத்தப்பட்டிருந்தால், கன்டாக்டரின் ஒரு முனை கருகிப்போனது அதற்குத் தெரியவராது. உங்கள் பக்கம் கடல் காற்று வேறு, டெர்மினல்கள் பச்சை பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயின் சுவிட்சை நிறுத்தி, திருகுகளை இறுக்கி, கன்டாக்டர் முனைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புறக்கோட்டையில் துணிக்கடைக் கட்டடம். புதிய மெயின் கேபிள் இழுத்த நாளிலிருந்து மேல் தாங்கி நிரம்ப இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. பம்ப் ஓடத்தான் செய்கிறது.

புதிய கேபிளில் ஃபேஸ் வரிசை மாறி, மோட்டர் மறுபக்கம் சுற்றுகிறது. சென்ட்ரிஃபியூகல் பம்ப் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தள்ளும், அதனால்தான் ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. மின்விசிறி மூடியில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து, இரண்டு ஃபேஸை மாற்றினால் சரி. ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் இப்படி நடந்தால் ஜெனரேட்டர் பக்கத்தில் மாற்ற வேண்டும். மோட்டரில் மாற்றினால் பிறகு மின்சார சபைக் கரண்டில் தலைகீழாகச் சுற்றும்.

கொட்டாஞ்சேனையில் பழைய கட்டடம், பழைய பெரிய பம்ப். தண்டு வெளிவரும் இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. காவலாளி நட்டை இறுக்க நின்றுவிட்டது. இப்போது அந்த இடம் கொதிக்கிறது.

உடனே நட்டைத் தளர்த்துங்கள். அது கயிறு அடைத்த கிளாண்ட் வகை. சொட்டும் தண்ணீர்தான் தண்டைக் குளிரவைக்கிறது. நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு விழுவது நல்லது. இனி இறுக்குவதானால் பம்ப் ஓடும்போது, இரண்டு நட்டையும் சமமாக, கால் சுற்று கால் சுற்றாக. புதிய பம்புகளில் உள்ள மெக்கானிக்கல் சீல் வேறு சாதி. அது விடாமல் சொட்டினால் மாற்ற வேண்டியதுதான், இறுக்க அங்கே ஒன்றும் இல்லை. மாற்றியதும் தண்ணீர் நிரப்பாமல் “ஓடுதா பார்ப்போம்” என்று சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். சில நிமிட வறட்டு ஓட்டம் போதும், புது சீலும் போய்விடும்.

பம்பலப்பிட்டியில் எங்கள் அலுவலகத்து பூஸ்டர் பம்ப் சில செக்கனுக்கு ஒருமுறை போட்டு நிறுத்திப் போடுகிறது. பிரஷர் சுவிட்ச் இரண்டு மாற்றியாகிவிட்டது.

மூன்றாவது வாங்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் சிறிய பிரஷர் டாங்கின் காற்று வால்வை நகத்தால் அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் உள்ளே உள்ள ரப்பர் பை கிழிந்துவிட்டது. காற்று வந்தால், பம்பை நிறுத்தி, டாங்கின் தண்ணீரை முழுதாக வடித்துவிட்டு, டயர் கேஜால் அளவெடுங்கள். பம்ப் 2.5 பாரில் தொடங்குமானால் டாங்கில் 2.3 இருக்க வேண்டும். தண்ணீரை வடிக்காமல் எடுத்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் இரவில் ஆள் இல்லாத நேரத்தில் பம்ப் போடுகிறதா? கட்டடத்துக்குப் போகும் வால்வை மூடிப் பாருங்கள். பிறகும் பிரஷர் இறங்கினால் அநேகமாக, தண்ணீரைத் திரும்ப விடாத நொன்-ரிட்டர்ன் வால்வில் கோளாறு. இறங்காவிட்டால் எங்கேயோ ஒரு கொமட் தாங்கி ஒழுகுகிறது.

நிலக்கீழ்த் தாங்கியிலிருந்து 30 மீட்டர் உயரத்து மேல் தாங்கிக்கு ஏற்றுகிறோம். மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி கருவி போட்டால் பம்பின் கரண்ட் செலவு பாதியாகும் என்கிறார் விற்பனையாளர்.

வேகத்தை 80 சதவீதமாக்கினால் சக்தி பாதியாகும். கணக்கு சரி, இடம் பிழை. வேகம் 80 ஆனால் பம்ப் தள்ளக்கூடிய உயரம் 64 சதவீதமாக விழும். வால்வு மூடிய நிலையில் 45 மீட்டர் காட்டும் பம்ப் 29 மீட்டரில் நின்றுவிடும். உங்கள் தாங்கியோ 30இல். மோட்டர் சுற்றும், மீட்டர் ஓடும், தண்ணீர் ஏறாது. தேவை கூடிக் குறையும் பூஸ்டருக்கும், ஏசியின் குளிர்நீர்ச் சுற்றுக்கும் வி.எஃப்.டி நல்ல பொருள். தாங்கி நிரப்ப வேண்டாம். நேரத்துக்கேற்ற கட்டண மீட்டர் உங்களிடம் இருந்தால் டைமர் ஒன்று வாங்கி, கட்டணம் கூடிய மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை பம்ப் ஓடாமல் பாருங்கள். தாங்கி அடிமட்டத்துக்கு வந்தால் மட்டும் மீறட்டும்.

சாப்பாட்டுக்கடையின் கழிவுக்குழி பம்ப் அடைபட்டுவிட்டது. சமையலறைப் பையனை இறக்கி எடுக்கலாமா?

கூடாது. மூடிய கழிவுக்குழியில் ஹைட்ரஜன் சல்பைட் தேங்கும். அழுகிய முட்டை வாசம் முதலில் வரும், செறிவு கூடினால் மூக்கு மரத்து வாசமே தெரியாது. “வாசம் இல்லை, இறங்கலாம்” என்பது அந்த நிலைதான். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். சங்கிலியால் மேலே இழுக்க முடியாவிட்டால், வாயு அளக்கும் கருவியும் ஆளைத் தூக்கும் முக்காலியும் பெல்ட்டும் வைத்திருக்கும் ஆட்களைக் கூப்பிடுங்கள். செலவு என்று யோசிக்க வேண்டாம். சமையலறைக் கழிவுநீரின் எண்ணெயைப் பிடிக்கும் எண்ணெய்ப் பொறியை வாராவாரம் வழித்தெடுத்தால் பம்ப் இப்படி அடைபடுவது குறையும்.

தீயணைப்பு பம்ப் வாங்கி நான்கு வருஷம். ஒருநாளும் தேவைப்படவில்லை. பராமரிப்பு வேண்டுமா?

ஓட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தீப்பாதுகாப்புச் சங்கம் வகுத்த என்.எஃப்.பி.ஏ 25 தரநிலைப்படி டீசல் பம்பை வாரத்துக்கு ஒருமுறை 30 நிமிடம் ஓட்ட வேண்டும். மின்சார பம்புக்கு 10 நிமிடம் போதும். டீசலில் முதலில் கைவிடுவது பற்றரிதான். கன்ட்ரோல் பெட்டியின் சுவிட்ச் ஓட்டோவில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சத்தம் பிடிக்காமல் யாராவது நிறுத்தியிருக்கலாம். பம்ப் அறை களஞ்சியமாக மாறியிருந்தால் வெசாக் கூடுகளையும் நத்தார் மரத்தையும் வெளியே எடுங்கள். நான் சோதனைக்குப் போன ஒரு கட்டடத்தில் பம்ப் நன்றாகவே இருந்தது. அறையின் திறப்பு மட்டும் லீவில் ஊருக்குப் போன ஸ்டோர் கீப்பரின் பையில் இருந்தது.