லயத்துக்குப் பிறகு எந்த வீடு? பெஸ்தாரி ஜெயா மக்களின் கேள்விகளும் பதில்களும்

சிலாங்கூரில் இருக்கும் நம் பெஸ்தாரி ஜெயாவை, பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் பலருக்குப் புரிகிறது. ஊர்ப்பெயர் மாறியது, தோட்டங்கள் தாமான்களாகவும் (வீடமைப்புப் பகுதிகள்) தொழிற்பேட்டைகளாகவும் மாறி வருகின்றன. வீடமைப்பு பற்றிக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவன். ஓர் ஊராட்சி மன்றத்தின் நகரமைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வருடத்துக்கு இரண்டு முறை மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நகராண்மைக் கழகமே மலிவு வீடு கட்டித் தரலாமே?

தம்பி, நம்முடையதைப் போன்ற மன்றங்களுக்குக் குப்பை அள்ளவும், கால்வாய் சுத்தம் செய்யவும், விளக்கு போடவுமே அந்தப் பணம் சரியாக இருக்கும். நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. வீடமைப்பு, கூட்டரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும் பட்டியலில் இருக்கிறது. பெரிய நிதி கூட்டரசிடமிருந்துதான் வர வேண்டும்.

ஆனால் மன்றத்தின் கையில் ஒரு முக்கியமான அதிகாரம் உண்டு. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி (சட்டம் 172) திட்ட அனுமதி தருவது மன்றம்தான். எத்தனை வீடு, எந்த வகை, நிலத்தின் எந்த மூலையில் என்பதெல்லாம் அந்த அனுமதியில் முடிவாகிறது. அதனால் மன்றத்திடம் போய் வீடு கட்டித் தரச் சொல்லாதீர்கள். மேம்பாட்டாளர் மலிவு வீட்டை இங்கேயே கட்ட வேண்டும் என்று நிபந்தனை போடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. நாங்கள் எப்போது, எங்கே போய்ப் பேச வேண்டும்?

இதைத்தான் நான் நிறையச் சொல்ல விரும்புகிறேன். நம் மக்கள் பெரும்பாலும் மண்வாரி இயந்திரம் வந்த பிறகுதான் மனு எழுதுகிறார்கள். அதற்குள் எல்லா முடிவும் எடுத்தாகிவிட்டது.

முதல் படி, மாவட்டத்தின் உள்ளூர்த் திட்டம். மலாயில் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' என்பார்கள். எந்த விவசாய நிலம் வருங்காலத்தில் குடியிருப்பு ஆகும், எது தொழிற்சாலை ஆகும் என்று வரைபடத்தில் வண்ணம் போட்டுக் காட்டியிருக்கும். அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள், பத்திரிகையிலும் அறிவிப்பு வரும். அப்போது யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் ஆட்சேபம் சொல்லலாம். லயத்தில் குடியிருப்பவரும் சொல்லலாம்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பிறகு திட்ட அனுமதி கட்டத்தில் நிலைமை வேறு. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் மட்டும் அண்டை நில உரிமையாளர்களுக்குத் தகவல் அனுப்புவார்கள், அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். உரிமையாளர்களுக்கு மட்டும்தான். மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் ரப்பர் பால் வெட்டியவருக்கு அந்தக் கடிதம் வராது, காரணம் அவர் பெயரில் நிலமில்லை. எங்கள் தோட்டம் கைமாறியபோது எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. வரைவுத் திட்டம் மன்ற வாசலில் வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் ஒருவர்கூடப் போய்ப் பார்க்கவில்லை. இன்றும் அது மனத்தை உறுத்துகிறது.

இன்னொரு கட்டம், நிலத்தை விவசாய வகையிலிருந்து கட்டட வகைக்கு மாற்றுவது. அதை அங்கீகரிப்பது மாநில அரசு, நிபந்தனை போடவும் அதற்கு அதிகாரம் உண்டு. சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுப்பதானால் அந்த நேரத்தில் கொடுங்கள்.

கேள்வி: ஐந்து தோட்ட மக்களுக்கு வீடு கிடைத்த கதையை எங்களுக்கும் உதாரணமாகக் காட்டலாமா?

தாராளமாக. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் கேட்டார்கள். கடைசியில் நில உரிமையாளரான நிறுவனத்திடமிருந்து 20 ஏக்கர் நிலம் வந்தது, கட்டுவதற்கு அரசு நிதி வந்தது. கிடைப்பது அடுக்குமாடி இல்லை, தரைவீடு. இதைக் கவனியுங்கள். கோயிலும் பள்ளியும் சொந்தங்களும் சிதறாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்றால், நிலம் வேண்டும் என்ற கோரிக்கையை முதலில் வையுங்கள்.

கேள்வி: புதிய தாமானில் 'ரூமா மம்பு மிலிக்' (வாங்கக்கூடிய விலை வீடு) வருகிறதாம். அது மலிவு வீடுதானே?

எல்லாம் இல்லை, அக்கா. இந்தக் குழப்பத்தில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். மலிவு விலை வீட்டுக்கு 1982-இல் 25,000 வெள்ளி (ரிங்கிட்) என்று உச்ச விலை வைத்தார்கள். 1998-இல் நில மதிப்பைப் பொறுத்து 42,000 வரை உயர்த்தினார்கள். 'மம்பு மிலிக்' என்பது அதைவிட விரிந்த சொல். மாநில அரசின் சிலாங்கூர்கூ திட்ட வீடுகளிலேயே விலை குறைந்த வகையும் உண்டு, 250,000 வெள்ளி வகையும் உண்டு. அதனால் எத்தனை வீடு என்று கேட்பதோடு நிற்காமல், எந்த வகையில் எத்தனை என்று கேளுங்கள். மாநில வீடமைப்பு, சொத்துடைமை வாரியத்தில் இப்போதே பதிந்து வையுங்கள். பதியாத பெயரை யாரும் தேடி வர மாட்டார்கள்.

கேள்வி: வாடகைக்கு ஏதும் உண்டா?

கூட்டரசின் பிபிஆர் (மக்கள் வீடமைப்புத் திட்டம்) வீடுகளின் வாடகை மாதம் 124 வெள்ளி. ஆனால் அவை பெரும்பாலும் நகர்ப்புறத்தில்தான் இருக்கின்றன.

கேள்வி: நான் பசார் மாலாமில் (இரவுச் சந்தை) வியாபாரம் செய்கிறேன். சம்பளச் சீட்டு இல்லை. வங்கி கடன் தருமா?

உங்களைப் போன்றவர்களுக்காகவே எஸ்ஜேகேபி என்ற அரசு உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. கடன் தருவது வங்கிதான், உத்தரவாதம் அரசு நிறுவனத்துடையது. வங்கிக் கணக்கில் தினமும் பணம் போட்டுப் பழகுங்கள், அதுவே உங்கள் வருமானத்துக்குச் சான்று. ஊழியர் சேமநிதி இருந்தால் அதன் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து வீட்டுக்கு எடுக்க முடியும்.

கேள்வி: அப்பா 60 வயதில் ஓய்வு பெற்றார். வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் கொஞ்சம் பணம் தருவார்களாம். என்ன செய்வது?

இன்று கையெழுத்துப் போடாதீர்கள், அக்கா. தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் (சட்டம் 446) வேலையில் இருப்பவருக்குத்தான் பாதுகாப்பு, ஓய்வு பெற்றவரை அது காப்பாற்றாது. இது வருத்தமான உண்மை. ஆனால் அந்தத் தாளில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி இருந்தால், மாற்று வீடு கேட்கும் வாய்ப்பும் அதோடு போய்விடும். சட்ட உதவி அலுவலகத்தில் ஒருவர் படித்துச் சொல்லட்டும். மின்சாரத்தையோ தண்ணீரையோ வெட்டினால் தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை நானும் உடன் வருகிறேன். கடிதத்தையும் அப்பாவின் பழைய சம்பளச் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.