ரவுட்டருக்கு நாமே பேட்டரி பேக்கப் செய்துகொள்ளலாமா?

கரண்ட் போனால் வைஃபையும் போய்விடுகிறது, ரவுட்டருக்கு மட்டும் பேட்டரி பேக்கப் நாமே செய்யலாமா, இல்லை வாங்குவதுதான் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். என் வீட்டில் நான் செய்து வைத்ததுதான் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும், போனில் இருக்கும், ரவுட்டர் மட்டும் படுத்துவிடும். உங்கள் பிரச்சினையும் இதுவாகத்தான் இருக்கும். என் மகள் ஆன்லைனில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் ஒரு கணம் போய் வந்தது. விளக்கு சிமிட்டியதோடு சரி. ஆனால் ரவுட்டர் அணைந்து, திரும்ப எழுந்து, ஃபைபர் மோடம் மறுபடி இணைப்பைப் பிடிப்பதற்குள் சில நிமிடங்கள் போய்விட்டன. தேர்வுப் பக்கம் அவளை வெளியே தள்ளிவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு உட்கார்ந்து செய்ததுதான் இது.

முதலில் அளந்து பாருங்கள். அடாப்டரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 18 வாட் தேவை என்று அர்த்தமில்லை, அது அடாப்டர் தரக்கூடிய உச்சம். மல்டிமீட்டரை நடுவில் கொடுத்துப் பார்த்தபோது என் ரவுட்டர் 7 வாட், மோடம் 4 வாட்தான் இழுத்தன. 2600 எம்ஏஎச் கொள்ளளவு கொண்ட 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்கள் ஆறு எடுத்து, இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அந்த மூன்று ஜோடிகளைத் தொடராக இணைத்தேன். மொத்தம் சுமார் 56 வாட்-ஹவர். வோல்ட்டேஜை மாற்றும்போது வீணாவதைக் கழித்தால் நாலு மணி நேரம் தாராளமாக வரும்.

இந்த பேக் முழு சார்ஜில் 12.6 வோல்ட், தீரும்போது 9 வோல்ட் வரை இறங்கும். "12 வோல்ட் பேட்டரிதானே, நேராக மாட்டு" என்பவர்களை நம்பாதீர்கள். பல ரவுட்டர்கள் தாங்கலாம், உங்களுடையது தாங்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? வோல்ட்டேஜைக் குறைக்க மட்டும் தெரிந்த போர்டும் போதாது. பேட்டரி 12-க்குக் கீழே வந்ததும் அதால் 12 வோல்ட் கொடுக்க முடியாது. ஏற்றவும் இறக்கவும் தெரிந்த பக்-பூஸ்ட் போர்டு வேண்டும். அதை 12 வோல்ட்டுக்குத் திருகி வைத்து, மீட்டரில் பார்த்து, பின்னின் நடுப்பகுதி பிளஸ்தானா என்று அடாப்டரில் உள்ள படத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் ரவுட்டரில் செருக வேண்டும்.

கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரவுட்டர் எப்போதும் பேட்டரி வழியாகவே ஓடும்படி அமைத்தேன். சார்ஜர் ஒரு பக்கம் ஊட்டிக்கொண்டே இருக்கும். இங்கிருந்து அங்கே மாறுகிற வேலையே இல்லாததால் கண் சிமிட்டும் நேரம்கூட விடுபடாது. இதில் ஒரு விஷயம் உண்டு. ஒரு செல்லை அதன் முழு சார்ஜான 4.2 வோல்ட்டிலேயே நாள் முழுக்கப் பிடித்து வைத்தால் அதன் ஆயுள் குறையும். அதனால் சார்ஜரை 12.6-க்குப் பதிலாக 12.3 வோல்ட்டில் நிறுத்தினேன். கொள்ளளவில் கொஞ்சம் இழப்புதான், ஆனால் செல் நீண்ட நாள் வரும்.

லித்தியம் வெடிக்கும் என்று சொல்ல ஒரு கூட்டம் வரும், தெரியும். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனிலும் லித்தியம்தான் இருக்கிறது. செல்கள் அளவுக்கு மீறி சார்ஜ் ஆகாமலும் தீராமலும் காக்கும் பிஎம்எஸ் போர்டு இல்லாமல், பியூஸ் இல்லாமல், செல்லின் மேல் நேராகச் சூட்டுக்கோல் (சால்டரிங் அயர்ன்) வைத்துப் பற்றவைத்தால் ஆபத்துதான், அதை நான் மறுக்கவில்லை. நிக்கல் பட்டை வெல்டிங் செய்து வரும் பேக்காகவே வாங்குங்கள். ரவுட்டர் சூட்டின் மேல் அதை வைக்காதீர்கள். 9900 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 செல்லைத் தொடவே தொடாதீர்கள். அந்த அளவில் நல்ல செல்லே சுமார் 3500 வரைதான் வரும். இப்படிப் பொய் எழுதி விற்பவர்களை யாருமே கேட்பதில்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்தால் சரி, அதிலேயே போடுங்கள். இதற்காகவே புதிதாக வாங்காதீர்கள். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அடாப்டர் அதை மறுபடி 12 ஆக்கி, இவ்வளவு சின்ன லோடுக்கு வழியிலேயே நிறைய வீணாகிறது. சில இன்வெர்ட்டர்கள் மாறுகிற நேரத்திலேயே ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

அப்புறம், கேட்காததையும் சொல்கிறேன். ஒரு முறை இணைப்பு அடியோடு போனது. புகார் கொடுத்தேன். வந்தவர் பெட்டியைப் பார்த்ததும், "சார், இந்த பேட்டரியால்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஃபைபரில் ஒளியே வரவில்லை என்பதற்கான விளக்கு அது, பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் எதிரிலேயே பேட்டரியைக் கழற்றி, அடாப்டரை மாட்டிக் காட்டினேன். சிவப்பு அப்படியே இருந்தது. கடைசியில் வெளியே ஃபைபர் மடங்கி உடைந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். வீட்டில் ஒருவர் கையால் ஒன்றைச் செய்து வைத்தால், எல்லாப் பழியையும் அதன் மேலேயே போடுவது என்ன நியாயம்? அந்த அடாப்டரைத் தூக்கிப் போடாதீர்கள், உங்களுக்கும் இப்படிக் காட்ட வேண்டி வரலாம்.

காசு செலவழிக்கும் முன் ஒன்று பாருங்கள். ஃபைபர் என்றால் பெரும்பாலும் வழியில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இருக்காது, நெட் கம்பெனியின் முனையில் பேக்கப் இருந்தால் போதும். கோஆக்சியல் கேபிள் என்றால் வழியில் ஆம்ப்ளிஃபையர்கள் உண்டு, அவற்றுக்கும் கரண்ட் வேண்டும். அடுத்த முறை கரண்ட் போகும்போது, இன்வெர்ட்டர் இருக்கிற பக்கத்து வீட்டில் நெட் வருகிறதா என்று கேட்டுவிட்டு செல்களை வாங்குங்கள்.