கல்விச் செலவும் ஏற்றுமதியும்: கேள்வி பதில்

(பதிலளிப்பவர், நாகர்கோவிலில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவர்.)

கருங்கல் வாசகர்: கல்விக்கு அரசு கூடுதலாகச் செலவிட்டால் ஏற்றுமதி பெருகுமா, ஐயா?

பதில்: பெருகும், ஆனால் படித்தவர் தொழிலுக்குள் நுழைந்தால்தான். 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டில் முதலிடம் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே. ஆயினும், நம் அண்டி ஆபீசுகள் (முந்திரி ஆலைகள்) ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முந்திரிக்கொட்டையைப் பெண்களின் கையுழைப்பால் உடைத்துத் தோலுரித்து அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், வியட்நாம் அந்த வேலைக்கு இயந்திரங்களைப் புகுத்தி, 2006-ஆம் ஆண்டளவில் முந்திரிப்பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்திவிட்டது. நம் பிள்ளைகளும் பொறியியல் படித்தார்கள். அவர்களுள் அண்டி உடைக்கும் இயந்திரத்தைப் பற்றி யோசித்தவர் மிகச் சிலர். ஒன்றை எப்போதும் எச்சரிப்பேன்: இரண்டு கணக்குகள் சேர்ந்து ஏறுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

தக்கலை வாசகர்: பொருளாதாரம் வளர்ந்தால் வர்த்தகப் பற்றாக்குறை, அதாவது ஏற்றுமதியை இறக்குமதி மிஞ்சும் தொகை, தானே குறையாதா?

பதில்: குறையாது. கையில் வருமானம் கூடியதும் பெட்ரோலும் தங்கமும் கூடுதலாக வாங்குகிறோம். கச்சா எண்ணெய், தங்கம் இரண்டுமே பெரும்பாலும் இறக்குமதி. நம்மிடம் வாங்கும் நாடு வளர்ந்தால் நம் ஏற்றுமதி கூடும்.

அருமனை வாசகர்: கல்விக்கு 6 சதவீதம் ஒதுக்கினால் ஏற்றுமதி பெருகுமா?

பதில்: தேசிய வருமானத்தில் 6 சதவீதம் என்பது இந்தியக் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி குழு 1966-இல் சொன்னது, 2020 கல்விக் கொள்கையும் அதையே சொல்கிறது. மற்றதற்குக் கருங்கல் வாசகருக்குத் தந்த பதிலைப் படியுங்கள்.

திங்கள்சந்தை வாசகர்: தென்கொரியா கல்வியால்தானே ஏற்றுமதியில் உயர்ந்தது?

பதில்: மூன்றாம் முறையாக இதே கேள்வி. கல்வியோடு நிலச்சீர்திருத்தமும் ஏற்றுமதியாளருக்கு அரசு தந்த கடனும் சேர்ந்தே அங்கே வேலை செய்தன. என் எச்சரிக்கையை மறவாதீர்கள்.

குளச்சல் வாசகர்: நர்சாக வெளிநாட்டில் இருக்கும் என் மகள் அனுப்பும் பணம் ஏற்றுமதிதானே?

பதில்: அல்ல. ஓராண்டுக்கு மேல் அங்கேயே குடியிருப்பவர் அனுப்புவது தனிநபர் மாற்றுத்தொகை, அதாவது நாம் எதையும் விற்காமலே வரும் பணம்.

குளச்சல் வாசகர்: கன்னியாகுமரியில் வெள்ளைக்காரப் பயணி தரும் அறை வாடகை சேவை ஏற்றுமதியாம், என் மகளின் உழைப்பு இல்லையாம். இது என்ன நியாயம், ஐயா?

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் நீங்கள் கணக்கின் விதியோடு மோதுகிறீர்கள். அறை இங்கே இருக்கிறது, விற்பவர் இங்கே குடியிருக்கிறார், வாங்குபவர் அயலவர். ஆகவே அது ஏற்றுமதி. உங்கள் மகளின் சேவையோ அவர் குடியிருக்கும் நாட்டின் உற்பத்தியில் சேர்கிறது. நம் சரக்கு வர்த்தகப் பற்றாக்குறையைத் தாங்குவதில் மென்பொருள் சேவையோடு அவரைப் போன்றவர்களின் பணத்துக்கும் பெரும்பங்கு உண்டு. ஆனால் அவர் படிப்புக்கு நீங்களும் அரசும் செய்த செலவு, அந்த நாட்டு மருத்துவமனைக்குச் செலவில்லாமல் கிடைத்த முதலீடு. அது நம் ஏற்றுமதிக் கணக்கில் எந்த வரியிலும் வருவதில்லை.